பாலை என்ற படிமமும் சயனைடு மேடும்

நண்பர் ஒருவர் தம் நீள்கவிதையின் கையெழுத்துப் பிரதியைப் போன மாதம் என்னிடம் கொடுத்து, இந்தப் பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதச் சொன்னார். கவிதையில் ஒருவன் பாலைவனத்தில் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் இறங்குகிறான். உள்ளே இருள், மௌனம், தன் குரலின் எதிரொலி. கடைசியில் அந்தச் சுரங்கம் அவன் மனம்தான் என்று ஆகிவிடுகிறது. சொற்சிக்கனம் இருக்கிறது. உருவமும் கூடிவந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் பாராட்டி நாலு பக்கம் எழுதியிருப்பேன். இந்த மாதிரிக் கவிதைகளை அப்படிப் பாராட்டியும் இருக்கிறேன். நம் வட்டத்தில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இப்போது எழுத வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என் பங்கு. ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவன் நான். வறண்ட நிலத்தை எலியட்டிடம் முதலில் கண்டேன். ஐந்திணை அதற்கப்புறம்தான் வந்தது. என் தலைமுறையில் பலருக்கும் இதுதான் வரிசை. அதனால் பாலை என்றதும் மனவறட்சி என்று கை தானாக எழுதிவிடுகிறது. நண்பரின் சுரங்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. நமீபியாவில் கோல்மன்ஸ்கோப் என்று ஓர் ஊர் உண்டு. ஜெர்மானியர்கள் வைரம் எடுத்த இடம். 1950களின் நடுவில் ஆளொழிந்துபோய், இப்போது வீடுகளுக்குள் ஜன்னல் உயரத்துக்கு மணல் ஏறிக் கிடக்கிறது. அந்தப் புகைப்படங்களைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அழகான படங்கள்தாம். கதவுக்குள் சரிந்து கிடக்கும் மணலைப் பார்க்கிறவனுக்கு அங்கே வைரம் பொறுக்கிய கறுப்பின ஆட்களின் நினைவு வராது.

கைவிடப்பட்ட சுரங்கத்துக்கு நமீபியா வரை போக வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலை தொடங்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். இடைப்பட்ட 120 வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் பொன் வெளியே வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன தாழ்த்தப்பட்ட மக்கள்தாம் பெரும்பாலும் வெட்டியவர்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்ந்த காற்றை இறக்கினால்தான் ஆள் நிற்க முடியும்.

சேலம் போய், அங்கிருந்து பங்காருப்பேட்டை, பிறகு மாரிக்குப்பம் என்று இரண்டு நாள் லீவில் போய்வந்தேன். சுரங்கத்துக்குள் யாரும் இறங்க முடியாது. ஷாஃப்டுகளை அடைத்துவிட்டார்கள். கீழே தண்ணீர் ஏறிவிட்டது. பார்க்கக் கிடைப்பது மேடுகள்தாம். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி உண்டான சாம்பல் நிறக் குன்றுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். மழைநீர் அரித்த பள்ளங்களோடு, மரமில்லாமல், தூரத்திலிருந்து அசல் பாலைவனம். எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்கு நெய்வேலிச் சுரங்கத்தின் களிமண் வருகிறது. நிலக்கரியை எட்டுவதற்காக அகற்றிப்போட்ட மண் எங்களூரில் பொம்மையாகிறது, ஃப்யூஸ் கட்டையாகிறது. சுரங்கக் கழிவு என்றால் பிழைப்பு என்று பார்த்துப் பழகிய கண் என்னுடையது. இங்கே அந்தக் கழிவு காற்றடிக்கும் மாதங்களில் லைன் வீடுகளின் சோற்றுப் பானைக்குள் இறங்குகிறது.

கூட வந்த பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். “மேட்டுல ஏறும்போது வாயை மூடிக்கிட்டு ஏறுங்க தம்பி” என்றார். நண்பரின் கவிதையை, விஷயத்தை மட்டும், அவருக்குச் சொன்னேன். சிரித்தார். “கீழ இருட்டுன்னு யாரு சொன்னது? லைட்டு இருந்திச்சி. மௌனமாவது ஒண்ணாவது, டிரில்லு சத்தத்துல எனக்கு ஒரு காது போயே போச்சி.” விளக்கைப் பற்றி அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள்.

இந்த மேடுகளைப் பாலைவனமாகப் பார்த்ததில் சினிமா நம் கவிஞரை முந்திக்கொண்டது. ‘கே.ஜி.எஃப்.’ படத்தின் (2018) சுரங்கக் காட்சிகளை இங்கே செட் போட்டு எடுத்தார்கள். கதையில் பொன் 1951இல் கண்டெடுக்கப்படுகிறது. உழைப்பவர்கள் வாயற்ற அடிமைகள். வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து மீட்கிறான். கற்பனைக்கு உரிமை உண்டு, அதில் தகராறில்லை. ஆனால் 1951இல் நிஜச் சுரங்கத்துக்கு எழுபது வயது. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் அது மத்திய அரசின் பொதுத்துறைக் கம்பெனி. 1930இலேயே, கைரேகை எடுத்துப் பதிவுசெய்யும் விதியை எதிர்த்துத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஜனங்களிடமிருந்து குரலைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்த வீரனுக்கு அத்தனை சத்தம் கொடுக்க முடிந்திருக்கிறது. பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) வெட்டியவர்கள் யார் என்பதை அறிந்த படம். அந்த அளவில் மரியாதைக்குரியது. என்றாலும் அது கம்பெனிச் சுரங்கத்துக்கு முந்தைய காலத்துக்கும் தொன்மத்துக்கும் போய்விடுகிறது. கூலியும் கைரேகையும் நுரையீரலில் படியும் தூசியும் இன்னும் படைப்புக்குள் வராமல் வெளியே நிற்கின்றன.

சிறுபத்திரிகைக்காரர்கள் வெட்கப்பட வேண்டிய சங்கதி வேறொன்று. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை, அவர் 1914இல் மறைந்த பிறகு நின்றும் நடந்தும், 1926இலிருந்து சில ஆண்டுகள் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகமே நடந்தது. சந்தா சேராமல் மூன்றாவது இதழோடு படுத்துவிடும் நம் பத்திரிகைகளை நினைத்துக்கொண்டேன். சுரங்கக் கூலியில் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிய ஊர் அது. அயோத்திதாசரின் எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வந்த பிறகுதான் நம்மில் பலர் விழித்துக்கொண்டோம். நமக்குத் தெரியாததை மௌனம் என்று எழுதி, அதற்குத் தத்துவ கனமும் ஏற்றிவிட்டோம்.

அந்த ஆழத்தில் உண்மையாகவே மௌனம் தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். 1965இல் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, வானிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் தடயத்தை இயற்பியலாளர்கள் கண்டார்கள். மேலே இருந்த பாறை மற்ற அண்டக் கதிர்களை வடிகட்டிவிடும் என்பதற்காக அவ்வளவு கீழே போனார்கள். எத்தனை நாளில் எத்தனை தடயம் என்று எண்ணிப் பதிவுசெய்தார்கள். நம் கவிஞர்கள் மௌனம் என்கிற இடங்களில் எதை எண்ணினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பாலைக்குத் தமிழில் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் அது பாலை. அதன் உரிப்பொருள் பிரிவு. அதிலும் பொருள் தேடிப் போகிற பிரிவு. வறட்சியை மனசுக்குள் தேடிக்கொண்டிருந்த எனக்கு, மாரிக்குப்பம் ஸ்டேஷனில் விடியுமுன்பு நின்றபோது இது உறைத்தது. பொருளுக்காக ஊரைப் பிரிந்து அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள் டிபன் கேரியரோடு பெங்களூர் ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தினமும் போய் ராத்திரி திரும்புகிறார்கள். அந்த மேடுகளிலும் மிச்சப் பொன் இருக்கிறது என்று, அதை மறுபடி அரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

திரும்பிவந்து நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்தேன். அப்ரைசர் உரைத்துப் பார்த்துச் சொல்லும் கிராமை எழுதிக்கொள்வது என் வேலை. ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம் தேறும் என்ற கணக்கை நண்பரிடம் சொல்ல வேண்டும். அவருடைய மொழி வலுவானது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். வர்ணனையில் குறை இல்லை, கவிதை எதைப் பார்க்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறார். பிரதியை எடுத்துவைத்திருக்கிறேன். ‘மணல்’ என்று வருகிற ஏழு இடங்களிலும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.