பேபி ஹல்தாரைப் படித்துவிட்டீர்களா?

யாரைப் பார்த்தாலும் பேபி ஹல்தாரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அவருடைய தன்வரலாறான ‘ஆலோ ஆந்தாரி’யை ஊர்வசி பூட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்ததிலிருந்து இப்படித்தான். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். கோடு விழாத பக்கம் அபூர்வம்.

சின்னஞ்சிறு வயது. கையில் ஒரு பத்துப் பைசாவை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போன அம்மா திரும்பவே இல்லை. ஆசையாய்ப் போன பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. 12 வயதில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு 26. தானே குழந்தையாக இருக்கும்போதே பிரசவம். அப்புறம் வருஷக்கணக்கில் அடி. 1999-ல் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேற்கு வங்கத்திலிருந்து டில்லிக்கு ரயிலேறிவிட்டார். என்ன துணிச்சல்!

குர்கானில் வீட்டுவேலை. வீட்டுக்காரர் பிரபோத் குமார், ஓய்வுபெற்ற மானுடவியல் பேராசிரியர், இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அலமாரியைத் துடைக்கும்போது வங்காளப் புத்தகங்களருகே இந்தப் பெண்ணின் கை தயங்கி நிற்பதை அவர் கவனித்தார். தஸ்லிமா நஸ்ரினின் இளமைக்கால நினைவுகளைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, உன் கதையை எழுது என்றார். அந்தப் பெரிய மனிதருக்கு ஆயிரம் கும்பிடு. ஆனால் பாத்திரம் தேய்த்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, எழுத்துக்கூட்டி எழுதியவர் பேபிதான்.

என்னை அசரவைத்தது அவர் எழுதும் விதம். ‘நான், நான்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், திடீரென்று ‘பேபி’ என்று யாரோ ஒரு சிறுமியைப் பற்றிப் பேசுவதுபோல் விலகி நின்றுகொள்கிறார். அடிபட்ட அந்தக் குழந்தையைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்; பிறகு மறுபடி அவளுக்குள்ளேயே வந்துவிடுகிறார். எந்த எழுத்துப் பட்டறையில் இதைக் கற்றார்? எழுத்தில் அழுகையே இல்லை. அக்காவை அக்காவின் கணவனே கொன்ற சேதியைக்கூட மிகையில்லாமல் சொல்கிறார். நான்தான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். வலியை இப்படி அடக்கி எழுத அசாத்தியமான கைவேண்டும். நம் பெரிய எழுத்தாளர்கள் பலரிடம் அது கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

வங்காளத்தில் எழுதியதைப் பிரபோத் குமாரே இந்தியில் பெயர்த்தார், 2002-ல் நூலானது. 2006-ல் ஆங்கிலத்தில் வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்போடு ஒப்பிட்டார்கள். எனக்கு எந்த ஒப்பீடும் தேவைப்படவில்லை.

படிப்பை முடிக்கவிடாமல் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட இவருடைய எழுத்து, என்.சி.ஈ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு இந்தி நூலில் பாடமாக இடம்பெற்றது. இதைவிடப் பெரிய பரிசு எது?

வீட்டுவேலை செய்த ஒரு பெண்ணின் சோகக்கதை என்று இரக்கப்பட்டு இதை வாங்காதீர்கள். தேர்ந்த எழுத்தாளர் ஒருவரின் புத்தகம் என்று கையிலெடுங்கள். இந்த வாரமே படியுங்கள்.