தாராசுரத்தைக் கேமரா பார்க்கும் விதம்

சுவாமிமலைக்கும் தாராசுரத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் கேமராவோடு கும்பகோணம் வருகிறவர்கள் பெரும்பாலும் தாராசுரத்துக்கே போகிறார்கள். சுவாமிமலைக்கு வருவது சாமி கும்பிட மட்டும். இந்தத் தேர்விலேயே கோயில் கட்டடங்களைப் படமெடுக்கும் நம் வழக்கத்தின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. கோயிலின் வடிவத்தை இந்த வழக்கம் காப்பாற்றியிருக்கிறது. கோயிலின் வாழ்வையோ சட்டகத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறது.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். 1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். அவர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். கோபுரத்தோடும் நந்தியோடும் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, படிக்கத் தெரியாத எழுத்தையும் விடாமல் பதிவு செய்த பொறுமை அது. மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யப் போய் எழுத்துகள் தேய்ந்துபோன கோயில்கள் தமிழகத்தில் உண்டு. அத்தகைய இடங்களில் பழைய படம்தான் மிஞ்சும் சாட்சி.

இரண்டாவது சான்று புதுச்சேரியில் இருக்கிறது. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களைப் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று படமெடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட சேகரிப்பு அது. பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. கண்ணைக் கவரும் நோக்கம் அவற்றில் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது நம்முடையதே என்று காட்ட இந்தச் சேகரிப்பின் படங்கள் உதவின. 2014இல் நடராசர் நாடு திரும்பினார். எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்போடு இருந்ததால்தான் அந்தப் படங்கள் சான்றாக நின்றன.

படம் முழு உண்மையைச் சொல்லும் என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. டிரைப் பயன்படுத்திய காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். மேகங்களை அவர் நெகட்டிவிலேயே தீட்டிச் சேர்த்தார். கலிபோர்னியப் பாலைவன நகரமான பாம் ஸ்பிரிங்ஸிலும் இதே கதைதான். ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்து 1946இல் முடித்த காஃப்மன் வீட்டை, மறு ஆண்டு ஜூலியஸ் ஷுல்மன் அந்தி வெளிச்சத்தில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. நீச்சல் குளத்து விளக்கின் கண்கூசும் ஒளியை மறைக்க வீட்டுக்காரப் பெண்மணியையே அவர் குளக்கரையில் சாய்ந்திருக்கச் செய்தார். ஆனாலும் 1990களில் அந்த வீட்டைப் பழையபடி புதுப்பித்தவர்களுக்கு ஷுல்மனின் படங்களே வழிகாட்டின. அழகுக்காக எடுத்த படமும் நுணுக்கமாக எடுக்கப்பட்டிருந்தால் ஆவணமாகப் பயன்படும் என்பது இதில் தெரிகிறது.

தாராசுரத்தில் இன்று நடப்பது என்ன? இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர்போன்ற முன்மண்டபம், 24 மீட்டர் உயர விமானம், சுற்றிலும் புல்வெளி. கேமராவுக்கு ஏற்ற இடம்தான். ஆனால் எல்லோரும் எடுப்பது அதே சக்கரம், அதே குதிரை, ஆளில்லாத அதே மண்டபம். அர்ச்சகர் வந்தால் ஒதுங்கும்வரை காத்திருக்கிறார்கள். மின்கம்பி தெரிந்தால் சட்டகத்தை நகர்த்துகிறார்கள். நாள்தோறும் பூசை நடக்கும் கோயில், படத்தில் கைவிடப்பட்ட இடம்போல் ஆகிவிடுகிறது.

இந்த விலக்கலுக்கு விலை உண்டு. சுற்றியுள்ள தரையைவிடக் கோயில் தாழ்ந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்தில் தண்ணீர் தேங்கும். கோபுரம் பிரதிபலிக்கும் அழகுக்காக அதைப் படமெடுப்பவர் உண்டு. எந்தத் தேதியில், கல்லில் எந்த வரிவரை நீர் நின்றது என்று தெரியும்படி எடுப்பவர் அரிது. கோயிலைப் பராமரிப்பவருக்குத் தேவை இந்த இரண்டாவது படம்.

அண்மைக்காட்சி மோகமும் இதே குறையை உடையது. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றின் மேல் பெயர்க்குறிப்பும் வெட்டப்பட்டிருக்கிறது. உருவத்தை மட்டும் பெரிதாக்கி எடுக்கும்போது குறிப்பு வெட்டுப்படுகிறது, வரிசை அறுபடுகிறது, அளவும் தெரியாமல் போகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னையோலை நறுக்கை மடித்து உறுப்புகளின் அளவைக் கணித்த பிறகே மெழுகைத் தொடுகிறார்கள். அளவு தெரியாத உருவம் அவர்களுக்குப் பாதித் தகவல்தான். அப்படியிருக்க, பக்கத்து ஊர்ச் சிற்பத்தின் படத்தில் ஓர் அளவுகோலைக்கூட நாம் வைப்பதில்லை.

இனி சுவாமிமலை. கட்டுமலை மேல் நிற்கும் சுவாமிநாதசுவாமி கோயிலின் 60 படிகள் 60 தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை. அந்தப் படிகளில் ஏறி இறங்கும் கூட்டம், வண்ணம் பூசிய கோபுரம், விழாவுக்குப் போடும் பந்தல் எல்லாம் கோயிலின் அங்கங்களே. சாயம் பூசியது, புதுப்பித்தது, அதனால் படத்துக்கு உதவாது என்று ஒதுக்குவது வெறும் ரசனைக் குறைவு அல்ல; ஆவணக் குறைவு. ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் மாறுவது இத்தகைய கோயில்கள்தான். மாற்றத்துக்கு முந்தைய நிலையைப் பதிவு செய்ய வேண்டிய அவசரமும் இங்கேதான் அதிகம். கருவறையைப் படமெடுக்கக் கூடாது என்ற மரபைக் காத்துக்கொண்டே, அனுமதி உள்ள இடங்களில் வெளிச்சுவரையும் படிகளையும் தெருவையும் எடுக்கலாம்.

கோயில்களைப் படமெடுக்கும் வழக்கம் நமக்குப் பெருநன்மை செய்திருக்கிறது. அந்த நன்மை அழகான படத்தால் வந்ததைவிட, முழுமையாகவும் குறிப்போடும் எடுத்த படத்தால் வந்ததே அதிகம். இன்று கைபேசி இல்லாத வீடில்லை. டிரைப்புக்கு இருந்த சுமையில் நூறில் ஒரு பங்கும் நமக்கு இல்லை. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது சிற்பத்தை எடுக்கும் முன் சுவர் முழுவதையும் எடுங்கள். கல்வெட்டு வரியை வெட்டாதீர்கள். தேதி, திசை, ஊர்ப் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுங்கள். ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள்.