பக்கவாத்தியம் முன்வந்தபோது

கச்சேரி மேடையைப் பாருங்கள், தோழர்களே! நடுவே பாடகர், இரு பக்கமும் வயலினும் மிருதங்கமும். கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் வந்தாலோ, அவற்றுக்கு உபபக்கவாத்தியம் என்று பெயர். துணைக்கும் துணை! தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவையோரில் பலர் எழுந்து காப்பிக்குப் போவர். மனிதரிலே மேல் கீழ் வகுத்த கை, மத்தளத்திலே கோடு கிழிக்காமல் விடுமோ?

அந்தக் கோட்டை அழித்த இசைத்தட்டு ஒன்று உண்டு. பெயர் 'ஜோதி'. ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் 1983-ல் வெளியிட்டது. படைத்தோர் யார்? ஓசூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், 1964-ல் டி.ஏ.எஸ். மணி நிறுவிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞர்கள். மிருதங்கம் மணி, கடமும் மோர்சிங்கும் ஆர்.ஏ. ராஜகோபால், கஞ்சிரா டி.என். சசிகுமார், குரல் ஆர்.ஏ. ராமமணி. உடன் ஊதியவர் சார்லி மரியானோ. 1923-ல் பாஸ்டனில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்த ஜாஸ் கலைஞர். மலேசியாவில் நாகசுரத்தின் ஒலி கேட்டு, அதைக் கற்கவும் முனைந்தவர்.

ஜாஸும் நம் இசையும் கலந்த 'சக்தி' குழுவை உலகம் அறியும். 'ஜோதி'யை அறிந்தோர் சிலரே. ஆனால் கேட்டுப் பாருங்கள்! ஒரு பெண்ணின் குரலோடு தட்டு தொடங்குகிறது. பின்னர் அந்தக் குரலும் சாக்சபோனும் தோழமையோடு உரையாடுகின்றன. தாளமோ ஏவல் செய்யவில்லை, வழி நடத்துகிறது. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து என வாயாலேயே கணக்குரைக்கும் கொன்னக்கோல், குலம் கேட்பதில்லை. எண்ணத் தெரிந்த எவரையும் ஏற்றுக்கொள்கிறது. 'வந்தனம்', 'சப்தரிஷி', 'பஜன்' என்ற தலைப்புகளில் பக்தி மணக்கிறது. மணக்கட்டும்! அந்தக் கணக்கை ரசிக்கப் பக்தி தேவையில்லை.

குறை இல்லையா? உண்டு. சில இடங்களில் மரியானோ விருந்தாளியைப்போல் அளவுக்கு மீறி அடக்கம் காட்டுகிறார். நாகசுரம் அறிந்தவர், இதிலே சாக்சபோனும் குழலும் மட்டுமே ஊதுகிறார். அந்த நாயனமும் ஒலித்திருந்தால், மேடை மறுத்த இன்னொரு கருவிக்கும் இடம் கிடைத்திருக்கும்!

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பணிமனையில் உழைக்கும் ஊர் ஓசூர். எல்லைக்கோடு இசைக்கு இல்லை என்பதை அவ்வூர் இளைஞருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊரார் படைத்த இந்தத் தட்டைத் தேடி எடுங்கள். தனி ஆவர்த்தனம் வரும்போது எழுந்து போகாதீர்கள். அங்கேதான் இசை தொடங்குகிறது!