1931: ஓர் ஆண்டின் மீதான மோகம்

வரலாறு பயில்வோர் பலருக்கு மனத்துக்கு நெருக்கமான ஓர் ஆண்டு இருப்பதுண்டு. சிலருக்கு அது 1789, சிலருக்கு 1917. எனக்கோ 1931. உலகை உலுக்கிய சம்பவம் எதுவும் அவ்வாண்டிற் பருத்தித்துறையில் நிகழ்ந்துவிடவில்லை. நிகழ வேண்டிய ஒன்று நிகழாமற் போனதே அவ்வாண்டின் விசேடம். சர்வசன வாக்குரிமையின் கீழ் இலங்கையில் நடந்த முதலாவது தேர்தலில், பருத்தித்துறைத் தொகுதிக்கு ஒருவர்கூட நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை ஆகிய தொகுதிகளிலும் அவ்வாறே. அரசாங்க சபையின் 50 தேர்தல் ஆசனங்களுள் நான்கு வெறுமையாய்க் கிடந்தன.

இந்தப் பகிஷ்கரிப்பை முன்னின்று நடத்தியது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய அவ்வியக்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர்கள் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களும் அவர்களைச் சூழ நின்ற மாணவர்களுமே. டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை. தேசாதிபதியின் விசேட அதிகாரங்கள் அப்படியே இருந்தன. நிதியும் சட்டமும் பாதுகாப்பும் ஏகாதிபத்தியத்தின் உத்தியோகத்தர் கையிலேயே விடப்பட்டன. ஆகவே அதனை ஏற்பதற்கில்லை என்றார்கள். கமலாதேவி சட்டோபாத்தியாய கலந்துகொண்ட 1931 ஏப்ரல் மகாநாட்டில் பகிஷ்கரிப்புத் தீர்மானம் நிறைவேறிற்று. அதற்கு முந்திய மாதந்தான் லாகூரிற் பகத்சிங் தூக்கிலிடப்பட்டிருந்தார். பின்னாளில் சமசமாஜக் கட்சியை நிறுவியோருள் ஒருவரான பிலிப் குணவர்தன யாழ்ப்பாணத்தின் செயலை மனமார வரவேற்று எழுதினார். தெற்குக்கு வடக்கு வழிகாட்டிய அந்நாளை எண்ணும்போது நெஞ்சு விம்முகிறது. என் மோகத்தின் தோற்றுவாய் இதுவே.

ஆனால் மோகம் வேறு, விமர்சனம் வேறு. இவ்வாண்டைப் பற்றி இதுவரை நாம் கேட்டுவந்த வாசிப்புகள் இரண்டு. ஒன்று, அது கலப்பற்ற தேசபக்தியின் உச்சம் என்பது. சாந்தசீலன் கதிர்காமர் 1980இல் வெளியிட்ட ஹண்டி பேரின்பநாயகம் நினைவு மலர் இவ்வியக்கத்தை மறதியின் பிடியிலிருந்து மீட்டது. அந்த நன்றிக்கடன் நமக்குண்டு. ஆயினும் மீட்கப்பட்டதை வழிபாட்டுப் பொருளாக்கிக்கொண்டவர் பலர். மற்றது, வகுப்புவாத அச்சமே சுயராச்சிய வேடம் பூண்டது என்பது. பழைய தலைவர்களிற் சிலர் வேறு கணக்குகளோடு இதிற் சேர்ந்திருக்கலாம். ஆனால் அதனால் அந்த இளைஞர்களின் இலட்சியம் பொய்யாகிவிடாது. சமபந்தியும் தீண்டாமை ஒழிப்பும் பேசியவர்களை வகுப்புவாதிகள் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது ஆராய்ச்சியாகாது.

இவ்விரு வாசிப்புகளும் கேளாது விட்ட கேள்வி ஒன்றுண்டு. பகிஷ்கரிப்பால் இழந்தவர் யார்?

டொனமூர் திட்டத்துக்கு முன் நாட்டு மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே வாக்காளர். சொத்தும் கல்வியும் உடையோரின் உரிமையாகவே வாக்கு இருந்தது. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது கிட்டிற்று. இதனைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அக்காலத்து வடமராட்சியை மனக்கண் முன் கொண்டுவந்து பாருங்கள். சாதியில் தாழ்த்தப்பட்டவன் ஊர்க் கிணற்றில் அள்ள முடியாது. பிறர் வார்க்கும்வரை காத்து நிற்க வேண்டும். கோயில் வாசல் அவனுக்கு அடைத்துக் கிடந்தது. பாடசாலையில் அவன் பிள்ளைக்கு வாங்கில் இடமில்லை. சமஆசனம் வழங்குக என்று அரசாங்கம் பணித்தபோது, 1930ஐ அண்டிய ஆண்டுகளில் குடாநாட்டிற் பாடசாலைகள் தீக்கிரையாயின. இத்தகைய சமுதாயத்தில், நயினாரின் வாக்கும் சீவல் தொழிலாளியின் வாக்கும் ஒரே பெறுமதி கொண்டவை என்று முதன்முதலாகச் சொன்னது வாக்குச் சீட்டு ஒன்றுதான். அச்சீட்டு அவன் கையை எட்டுமுன்பே தேர்தல் இல்லையென்றாயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது வாக்காளன் வாக்குச்சாவடிக்குப் போக மறுத்த பகிஷ்கரிப்பு அன்று. வேட்பாளராகத் தகுதி பெற்றிருந்த ஒரு சிறு கூட்டத்தார் நியமனப் பத்திரம் கொடாது விட்டார்கள், அவ்வளவுதான். வெகுஜனம் செய்யவேண்டியது எதுவும் இருக்கவில்லை. முனைக் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கினால், கண்ணுக்கெட்டாத தொலைவிலேனும், நீரிணைக்கு அப்பால் இருப்பது வேதாரணியம். அங்கே 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் தம் கையால் உப்பை அள்ளினார்கள். வழியில் சோறு போட்ட ஏழைக்கும் அப்போராட்டத்திற் பங்கிருந்தது. இக்கரையிலோ சாதாரண மனிதனுக்கு அத்தகைய பங்கு வைக்கப்படவில்லை. மகாநாட்டுப் பந்தலிற் பிறந்த தீர்மானம் கச்சேரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

விளைவு என்ன? 1934இல் இடைத்தேர்தல்கள் நடந்தன. பருத்தித்துறைத் தொகுதியில் வென்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். சுயராச்சியம் கேட்ட குரல் ஓய்ந்தது. ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட குரல் ஓங்கிற்று. வாலிபர் காங்கிரஸ் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மக்களிடையே வேர் விடாத இலட்சியம் எத்துணைத் தூயதாயினும் காற்று மாறும்போது சாய்ந்துவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இதைக் கொண்டு அந்த இளைஞர்களைப் பழிக்க முற்படுவது என் நோக்கமன்று. அந்நிய ஆட்சியையும் சாதிக் கொடுமையையும் ஒரே மூச்சில் எதிர்த்தவர்கள் அவர்கள். ஆனால் இரண்டையும் ஒரே போராட்டமாக இணைக்க அவர்களால் முடியவில்லை. ஒரு விடுதலையின் பெயரால் மற்றொரு விடுதலையின் முதற்படி தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தவர்கள் எதிரிகளல்லர், நண்பர்கள் என்பதிற்றான் அவ்வாண்டின் அவலம் இருக்கிறது.

கால் நூற்றாண்டின் பின், 1956இல், அதே பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தனிச் சிங்களச் சட்டத்தை அவர் அங்கே எதிர்த்து நின்றார். 1966இல் எழுந்த தீண்டாமை எதிர்ப்பு இயக்கம் தேநீர்க் கடைகளினதும் கோயில்களினதும் கதவுகளைத் தட்டியது. 1931இல் பிரிந்து நின்ற இரு இழைகளையும் முறுக்கிச் சேர்க்க எடுத்த முயற்சிகளாகவே இவற்றை நான் காண்கிறேன். அம்முயற்சி முற்றுப்பெற்றுவிட்டதென்று கூற நமக்குத் துணிவில்லை.

ஆண்டுகளுக்கு மாலை சூட்டுவது எளிது. ஓர் ஆண்டை நேசிப்பவன் அதனிடம் கணக்குக் கேட்கவும் வேண்டும். ‘இனத்தின் விடுதலை முதலில், சாதியும் கூலியும் பின்னர்’ என்ற பேச்சு நம் மத்தியில் எழும்போதெல்லாம், 1931இல் வெறுமையாய்க் கிடந்த அந்த நான்கு ஆசனங்களை ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற் கொள்வார்களாக. அவற்றில் அமராது போன தலைவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். வாக்களிக்க வழியின்றிப் போன ஆயிரக்கணக்கானோரின் கதையை எழுதும் கடமை நம்முடையது.