தரிசு நிலமும் இல்லாத உரிமையாளரும்: போருக்குப் பிந்தைய இலங்கையின் காணிச் சட்டங்கள்

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிவுற்றபின், வடக்கு மாகாணக் காணிச் சிக்கல் பற்றிய தமிழ் உரையாடல் பெரிதும் இராணுவத்தின் வசமுள்ள நிலங்களையே மையமாகக் கொண்டு நிகழ்ந்துள்ளது. வலிகாமம் வடக்கும் கேப்பாப்புலவும் அதன் அடையாளங்களாயின. அக்கோரிக்கையின் நியாயத்தில் ஐயமில்லை. ஆயினும், முகாம் வேலி அகற்றப்பட்ட பின்னரும் எஞ்சும் சிக்கல் ஒன்றுண்டு. நிலத்தில் ஆள் இல்லாமையை அந்நாட்டுச் சட்டங்கள் எவ்வாறு பொருள்கொள்கின்றன என்பதே அது.

முடிக்குரிய காணி ஆக்கிரமிப்பு தொடர்பான 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலங்கள் யாவற்றையும், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, முடிக்குரியவை என ஊகித்துக்கொண்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்துச் சட்டம் அது. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் அவ்வூகத்திற்கு நடைமுறை வகுத்தது: அறிவித்தல் வெளியானபின் குறித்த காலத்திற்குள் எவரும் உரிமை கோராத நிலம் அரசுக் காணியாகலாம். 2025 மார்ச் 28ஆம் நாளிட்ட வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு இந்நடைமுறையைத் தொடங்கி, மூன்று மாத அவகாசம் அளித்தது. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவருக்கும், தமிழ்நாட்டு முகாமில் வாழ்பவருக்கும் அவ்வவகாசம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றம் சூன் மாதம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தலும் கைவிடப்பட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது.

இதே தர்க்கம் முசலியில் வேறொரு மக்கள்மீது செயற்பட்டது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் திரும்பியபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பகுதிகளில் அவர்களது நிலங்கள் காடாகியிருந்தன. 2012இல் அப்பகுதிக் காடு ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. துரத்தியது ஒரு தரப்பு, வர்த்தமானியில் அறிவித்தது மற்றொரு தரப்பு. காணியை இழந்தவருக்கு விளைவு ஒன்றே. தமிழரின் நில உரிமையைப் பேசும் எழுத்து இதனை வெறும் வில்பத்துச் சூழலியல் சர்ச்சையாகக் கடந்துவிடுமாயின், தன் வாதத்தின் வலிமையான சான்றொன்றைத் தானே இழக்கிறது.

வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் இன்மை மேலும் நுட்பமான வடிவம் கொள்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், மனைவிக்கு ஆயுட்கால உரிமை மட்டுமே கிட்டியது; மறுமணம் செய்தால் அதுவும் அற்றுப்போகும். அதன்பின் உரித்து வரிசையில் மகன்கள் மகள்களுக்கு முன் நின்றனர். ஆண்களுக்கான இம்முன்னுரிமை நீக்கப்பட்டது 2022இல்தான். போர்க்கைம்பெண்கள் குடும்பத் தலைவிகளான பதின்மூன்று ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன. கணவர் இறந்தாரா என்பதே அறியப்படாத பெண்ணின் நிலை இன்னும் கடினமானது. மரணச் சான்றிதழின்றி உரித்து மாறாது. அதனைப் பெறுவதோ தேடலைக் கைவிடுவதற்கு ஒப்பாகும். காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல்தான் சட்டம் இடமளித்தது.

இன்மைக்குக் காரணம் உண்டு என்பதைச் சட்டம் அறியாததன்று. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பிறர் அனுபவத்தால் உரிமை பெறும் காலக் கணக்கிலிருந்து விலக்கியது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் அச்சலுகை, பயங்கரவாதக் குழுவின் செயற்பாடுகளால் நீதிமன்றத்தை அணுக இயலாதோருக்கே உரியது. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர், உயர் பாதுகாப்பு வலயத்தால் வெளியேற்றப்பட்டவர் ஆகியோரின் இன்மைக்கு அச்சொற்றொடரில் நேரடி இடமில்லை. வழக்குத் தொடுக்கவும் இரண்டாண்டு அவகாசமே வழங்கப்பட்டது.

இவ்வளவு குறைகளுக்கிடையிலும் இச்சட்டம் ஒன்றைக் காட்டுகிறது: போர்க்காலத்தைக் காலக் கணக்கிலிருந்து நீக்க நாடாளுமன்றத்தால் இயலும். தனியாருக்கிடையிலான வழக்கில் ஏற்கப்பட்ட அம்முறையை அரசுக்கு எதிராகவும் விரித்து, 1983க்குமுன் குடியிருப்போ பயிரோ இருந்த நிலத்தில் 1840இன் ஊகம் செல்லாது எனவும், மெய்ப்பிக்கும் சுமை அரசையே சாரும் எனவும் விதிப்பதற்குச் சட்ட நுட்பத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. தடை அரசியலில் இருக்கிறது. பதின்மூன்றாம் திருத்தம் 1987இலேயே விதித்த தேசியக் காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை.