கோதையின் பாட்டு யாருடையது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் ராஜாஜியே கேட்டிருக்கிறார்: ஆண்டாள் என்று ஒருத்தி இல்லை, அவள் பெரியாழ்வாரின் கற்பனை என்பது அவர் கட்சி. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் நாயகியாக நின்று பாடியவர்கள்தான் என்பதால் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

கோதை தன் பதிகங்களை முடிக்கும் இடங்களைப் பாருங்கள். பலவற்றில் 'பட்டர்பிரான்', 'விட்டுசித்தன்' என்று அப்பா பெயர் முதலில், அப்புறம்தான் கோதை. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால் கமிட் லாக். லாக்கில் யார் பெயரையும் போடலாம் என்பீர்கள். சரி, அப்போ உள்ளே இருக்கும் சரக்கைப் பார்ப்போம்.

இரண்டு பேருக்கும் ஆய்ப்பாடிதான் களம். பெரியாழ்வார் பெரும்பாலும் யசோதையாக நிற்கிறார்: தாலாட்டு, நீராட்டல், பூச்சூட்டல். கடவுளுக்கே கண்ணேறு பட்டுவிடுமோ என்று பதறிப் பல்லாண்டு பாடுகிற மனசு. மகளிடம் அந்தப் பதற்றமே இல்லை. அவள் உரிமை கேட்கிறாள், சங்கிடம் போய் அவன் வாயின் சுவையை விசாரிக்கிறாள், பதின்மூன்றாம் திருமொழியில் பயனில்லாத முலையைப் பிடுங்கி அவன் மார்பில் எறிவேன் என்கிறாள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இடம். பெரியாழ்வார் திருமொழி மூன்றாம் பத்தின் எட்டாம் பதிகத்தில், கண்ணனோடு போய்விட்ட ஒரே மகளை நினைத்துத் தாய் புலம்புகிறாள். ஊரறியக் கல்யாணம் செய்து கைப்பிடிப்பானா, சும்மா கூட்டிப்போய்க் குடும்பம் நடத்துவானா, தயிர் கடைய விட்டுவிடுவானா? கோதையின் 'வாரணமாயிரம்' காணும் கனவில் அந்த ஊரறிந்த கல்யாணம் சடங்கு சடங்காக நடக்கிறது. அம்மாவின் கேள்விக்கு மகளின் பதில் மாதிரி.

எது முந்தியது? தெரிய வழியில்லை. உடன்போக்கில் தாய் புலம்புவது சங்க மரபும்கூட. இங்கிலாந்தில் டாரதி வேர்ட்ஸ்வொர்த் 1802 ஏப்ரல் 15 அன்று டாஃபடில் பூக்களைப் பற்றி டைரியில் எழுதினார். அண்ணன் வில்லியமின் கவிதை 1807இல்தான் அச்சானது. தேதி இருப்பதால் தங்கையின் பங்கு தெரிகிறது. இங்கே தேதி இல்லை. அதனால் பங்கு முழுவதும் அப்பாவுக்கே என்பது எந்த நியாயம்? மகளின் 173 பாசுரங்கள் அப்பாவுடையதாக இருக்குமோ என்று கேட்பவர்கள், அப்பாவின் அந்தப் பதிகத்துக்கு மகளின் பாட்டு விதையாக இருந்திருக்குமோ என்று ஏன் கேட்பதில்லை?

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு குரல்கள் கேட்கின்றன.