பெட்டிக்கு ஒரு பெட்டி

ஆடியோ ரசிகர்களில் இரண்டு ரகம் உண்டு. பாட்டைக் கேட்பவர்கள், பாட்டு வரும் பெட்டியைக் கேட்பவர்கள். இரண்டாம் ரகத்தாரிடம் உறுதியான ஒரு நம்பிக்கை இருக்கிறது. பழைய ப்ரீ ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடவேண்டாம். புதுசாக ஒரு தனி பவர் சப்ளை வாங்கி மாட்டினால் போதும், முப்பது வருஷத்துப் பெட்டி புனர்ஜென்மம் எடுக்கும் என்பார்கள். சில சமயம் அந்த பவர் சப்ளையின் விலை ப்ரீ ஆம்ப்பைவிட அதிகம். மாட்டைவிடக் கயிறு ஜாஸ்தி.

இந்த நம்பிக்கையை அதிகம் வளர்த்தது இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள நெய்ம் கம்பெனி. கார் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஜூலியன் வெரேக்கர் 1973இல் தொடங்கியது. அவர்களுடைய பழைய ப்ரீ ஆம்ப்கள் பலவற்றில் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பக்கத்தில் இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரிடம் 24 வோல்ட் கடன் வாங்கி ஓடும். கடன் வேண்டாம், சொந்தமாகவே இருக்கட்டும் என்பவர்களுக்காக 1984இல் 'ஹைகேப்' என்று தனிப்பெட்டி வந்தது. 2012இல் அதன் ரெகுலேட்டரை மாற்றி, டிஆர் என்று இரண்டு எழுத்து சேர்த்துப் புதுசாக விட்டார்கள். அப்போதும் அதே 24 வோல்ட். எண்பதுகளின் பெட்டிக்கு 2012இன் பெட்டியை மாட்டலாம். வருஷா வருஷம் சார்ஜர் முனையை மாற்றும் இந்தக் காலத்தில் இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, மாட்டினால் என்ன ஆகும்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பவர் சப்ளை இசையில் எதையும் சேர்க்காது. கழிக்கத்தான் செய்யும். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. அதை நேராக்கும்போது 100 தடவை ஆடும் ஒரு மிச்ச அலை ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று கேட்பது அதுதான். அதை அமுக்குவது ரெகுலேட்டரின் வேலை. 1970களிலிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் மூன்று கால் எல்எம் 317 சில்லே அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கிவிடும். புதுப்பெட்டி அதற்கும் கீழே கொண்டுபோகலாம். கேள்வி, அது உங்கள் காதுக்குத் தெரியுமா என்பது.

நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இசைத்தட்டின் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை ஆம்ப் பல மடங்கு பெருக்கவேண்டும். கூடவே அழுக்கும் பெருகும். ட்ரான்ஸ்ஃபார்மரை இரண்டடி தள்ளி வைப்பதில் அங்கே உண்மையான லாபம் இருக்கிறது. சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட், ஊசியைவிட 400 மடங்கு. அதை ப்ரீ ஆம்ப் பெருக்குவதைவிடக் குறைப்பதுதான் வழக்கம். சிடி மட்டும் கேட்பவர் தனி பவர் சப்ளைக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது, மழையே பெய்யாத ஊரில் மூன்று குடை வாங்குவது மாதிரி.

இனி நம் ஊருக்கு வருவோம். சாலிஸ்பரிக்காரர் எழுதும் விமர்சனத்தை சேலத்திலோ நாமக்கல்லிலோ உட்கார்ந்து அப்படியே நம்பக்கூடாது. அவர் வீட்டுச் சுவரில் வருகிற கரண்ட் வேறு, நம் சுவரில் வருவது வேறு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிகள்; ராசிபுரம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள்; எல்லாத் திசையிலும் கிணற்று மோட்டார்கள். ஒரு மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பல்பு மங்கும். ரெகுலேட்டருக்கும் மூச்சு முட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் வரும்போது ரெகுலேட்டருக்கு உள்ளே 33 வோல்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 24 கொடுக்க அதற்கு இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாக வேண்டும். லைன் 170க்கு இறங்கினால் உள்ளே வருவது 24.4தான். அப்புறம் எத்தனை விலை கொடுத்த ரெகுலேட்டரானாலும் கை விரித்துவிடும். 'உம்ம்ம்' திரும்பி வரும். ஆக, இந்த ஊரில் பவர் சப்ளை வெறும் ஆடம்பரம் இல்லை. ஆனால் சரிசெய்வதைச் சுவரிலிருந்து தொடங்கவேண்டும்.

நல்ல ஸ்டெபிலைசர் முதலில். ரிலே வகை படி மாறும்போது 'டிக்' என்று பாட்டுக்குள் தாளம் போடும். சர்வோ வகை மேல். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் சைன் வேவ்தானா என்று பாருங்கள். 2012இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனபோது அவசரத்துக்கு வாங்கிய சதுர அலை இன்வெர்ட்டர் விளக்குக்குச் சரி, வீணைக்கு ஆகாது. எர்த் குழிக்குச் சித்திரை வெயிலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். செலவே இல்லாத அப்கிரேட் அதுதான்.

அடுத்தது ப்ரீ ஆம்ப்பின் வயிறு. அதற்குள் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்து போகிறவை. 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இன்ஜினியர்கள் வைத்திருக்கும் கணக்கு. சேலத்துக் கோடையில் முப்பது வருஷம் இருந்த பெட்டியின் கண்டென்சர் என்ன கதியில் இருக்கும்? அதை மாற்றாமல் வெளியே புதுப்பெட்டி மாட்டுவது, துருப்பிடித்த குழாய்க்குப் புதுத் தொட்டி கட்டுவது போல. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால், புதுப்பெட்டி விலையில் ஒரு சின்னப் பங்கில் வேலை முடிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை விடவில்லையா? கடைக்காரரிடம் பெட்டியை வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். வோல்டேஜும் இணைப்பு முனையும் பொருந்துமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். தப்பான முனை பெட்டியைக் கொன்றுவிடும். மாற்றும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாற்றவேண்டும். இங்கேதான் சிக்கல். இந்தச் சில நிமிஷங்களில் காது முந்தைய சத்தத்தை மறந்துவிடும், மனசு விலையை மறக்காது. அதனால் மாற்றுகிற வேலையை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். காசு சுண்டி எந்தப் பெட்டி என்று அவர் தீர்மானிக்கட்டும். பத்து தடவை கேட்டு ஒன்பது தடவை சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். தாராளமாக வாங்குங்கள்.

ஐந்தாறுதான் சரி என்றால் பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.